தரையிலிருந்து நாலரை இஞ்ச்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
டயர்க் கடைக்கும் கோழிக் கடைக்கும் நடுவே
தார்ப்பாயை உரிக்கிறான் அஜின்தாஸ்.
மஞ்சள்.
பழுத்த வருக்கைச் சுளையின் மஞ்சள்.
இரண்டே கதவு, இரண்டே இருக்கை,
திருவனந்தபுரம் நம்பர்.

"ஒரே ஓனர், அக்கா. டாக்டர்.
ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எடுப்பாரு."
விற்பனைக்கு வரும் எல்லா வண்டியும்
ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓடியிருக்கிறது.
பதினாறரை லட்சம் கேட்கிறான்.

குவைத்தில் பத்தொன்பது வருடம்
ஐசியூவில் இரவு முடித்து
பஸ் ஜன்னலில் தலைசாய்த்து வருகையில்
இப்படி ஒன்று உறுமிக் கடக்கும்.
கண் திறப்பதற்குள் பின்விளக்குதான் மிஞ்சும்.
ஆசைப்பட்டதாக ஞாபகமில்லை.
ஓட்டுகிறவனின் ரத்த அழுத்தம் எவ்வளவிருக்கும்
என்றுதான் நினைத்திருக்கிறேன்.

இப்போது பணம் இருக்கிறது.
நான்குவழிச் சாலைக்கு எடுத்தது
நாற்பத்தொரு சென்ட்,
எண்பது மூடு ரப்பர்,
ஒரு கிணறு.
கிணற்றுக்குத் தனி விலை போட்டார்கள்,
அதிலிருந்த தண்ணீருக்குப் போடவில்லை.
பணம் வந்துவிட்டது.
சாலை இன்னும் வரவில்லை.

றூபன் கரண்ட் பில்லின் முதுகில் கணக்கெழுதினார்:
என்ஓசி, இங்கே மறுபடி வரி,
டயர் ஒன்று முப்பத்தெட்டாயிரம்,
லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர்.
உப்புக்காற்று தகரத்தைத் தின்னும் வேகத்துக்கு
எண் கிடைக்காமல் ஒரு கேள்விக்குறி.
கடைசி வரி: ரெண்டு சீட்.
அதன் கீழே இரண்டு கோடு.
"அக்கா வந்தா எங்க இருப்பா?
அவ கொண்டுவாற மரச்சீனிச் சாக்கு?"
சாக்கைப் பற்றி நான் யோசிக்கவில்லைதான்.
அக்காவைப் பற்றி யோசித்திருந்தேன்.

தக்கலை பீர்கண்ணு அடியில் நுழைய முடியாமல்
கன்னத்தைத் தரையில் வைத்து டார்ச் அடித்தார்.
"ரெண்டு எடத்துல ஒரசியிருக்கு.
எஞ்சின் நல்ல ஆரோக்கியம்.
ஆனா நாலரை இஞ்சுதான் தூக்கம்.
நம்ம ஊரு ஸ்பீடு பிரேக்கரு எல்லாம்
கல்லறை மாதிரில்லா கெட்டி வச்சிருக்கான்."

சாவி வாங்கினேன். ஓட்டிப் பார்க்க மட்டும்.
பந்தியில் சம்மணமிட்டது போல உட்கார்ந்தேன்.
பாறைப்பொடி லாரியின் சக்கர நட்டுகள்
கண்மட்டத்தில் சுழன்றன.
மேம்பாலத்தில் மூன்றாவது கியர்
முப்பது நொடி.
அந்த முப்பது நொடியை
இங்கே எழுதாமல் விடுகிறேன்.
பிறகு வில்லுக்குறி பஸ்ஸுக்குப் பின்னால்
முதல் கியர், இரண்டு, முதல்.
ஐந்தாவது வேண்டுமென்றால்
ஆரல்வாய்மொழி தாண்டி
அடுத்த மாவட்டத்துக்குப் போகவேண்டும்.

"எங்க அக்கா திருப்புறீங்க, அங்க ரோடு இல்ல."
தெரியும்.

மண் கொட்டி உயர்த்திய சாலை
குளத்தங்கரையில் அறுந்து நிற்கிறது.
அதன்மேல் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.
எங்கள் கிணறு இருந்த இடம்
தோராயமாக ஷார்ட் லெக்.
ரப்பர் நின்ற வரிசையில் பவுலர் ஓடிவருகிறான்,
ஒருத்தருடைய நிலமும் இல்லாத
நீளமான ரன்-அப்.
எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சூடான உலோகம் டிக் டிக்கென்று ஆறியது.

டொக்.

ஸ்டிச் பால். பானெட்டில் நேராக.
பையன்கள் மட்டையைப் போட்டுவிட்டு
தென்னந்தோப்புக்குள் பறந்தார்கள்.
அஜின்தாஸ் இறங்கி நின்று
அவர்களின் மூன்று தலைமுறையையும் வைதான்.
நான் குனிந்து விரலால் தடவினேன்.
எட்டணா அளவு குழி.
வெயில் அதில் மட்டும் வேறுமாதிரி விழுந்தது.

"இதுக்கு எவ்வளவு குறைப்ப?" என்றேன்.

அவன் வசவை நிறுத்தித் திரும்பினான்.
வாங்குகிறேன் என்று
அதுவரை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.
பந்து இன்னும் சக்கரத்தடியில் கிடந்தது.
கை நுழையவில்லை.
எடுக்க வேண்டுமென்றால்
வண்டியைக் கொஞ்சம் நகர்த்தவேண்டும்.